வரிசையின் கடைசியில்

காற்றாலைகள் முதலில் வரும்,
அவை கேட்பது ஒன்றுமில்லை.
பின்னால் பழுப்பு நிலக்கரி, இருமிக்கொண்டே.
அதற்கும் பின்னால் எரிவாயு,
கை நீட்டினால் கொஞ்சத்தில் மடக்காது.
தேவை எந்த ஆளோடு தீர்கிறதோ
அந்த ஆள் சொன்ன விலைதான்
அந்த மணி நேரத்தில் எல்லாருக்கும்.

ஹூசும் நகரத்தில், மீன் கடைக்கு மேலே,
இரண்டாம் மாடியில்
இதைத்தான் சம்பளத்துக்கு எழுதுகிறேன்.
வருடத்தின் எட்டாயிரத்து எழுநூற்று அறுபது மணி நேரமும்
ஒரே கட்டளைக்குக் கீழே:
மொத்தச் செலவு ஆகக் குறைவாய் இருக்கட்டும்.

எரிவாயுவுக்கும் பின்னால் இன்னொருவர் நிற்கிறார்.
எல்லாரையும் கூப்பிட்டும் போதாமல் போனால்
வருவதற்கு:
இருட்டு.
அவருக்கும் ஒரு விலைச்சீட்டு ஒட்டவேண்டும்.
பூச்சியம் ஒட்டினால்
ஊரையே அணைத்துவிட்டு
ஆகச் சிக்கனம் என்று பல்லைக் காட்டும் நிரல்.
முடிவிலி ஒட்டினால்
எண்கள் உடைந்து பாதியில் நின்றுவிடும்.

"நாலாயிரத்து நூறு யூரோ" என்றான் இங்வர்,
கோப்பிக் கோப்பையைக் கழுவியபடி.
"ஒரு மெகாவாட் மணிக்கு. சனத்தைக் கேட்டு எடுத்த சராசரி."

ஓடவிட்டேன்.
7794ஆவது மணி. நவம்பர், பின்னேரம் ஐந்து.
கடலில் காற்று படுத்துவிட்டது.
கரையோரக் கிராமங்களுக்குப் போகும் ஒற்றைக் கம்பி
இனி ஒரு சொட்டும் தாங்காது.
இருட்டு எழுந்து வந்தார்,
மூன்று மெகாவாட், நாலு மணி நேரம்.
அங்கே ஒரு மின்கலக் கிடங்கு கட்டுவதைவிட
அது மலிவாம்.

அன்றிரவு அந்த முந்நூறு தாள்களையும் எடுத்துப் பார்த்தேன்.
"ஒரு மணி நேரம் மின்சாரம் போகாதிருக்க
எவ்வளவு கொடுப்பீர்கள்?"
ஒருத்தி எழுதியிருந்தாள்: ஐந்து யூரோ,
அதுவும் யோசித்துத்தான், மெழுகுதிரி எனக்குப் பிடிக்கும்.
பேக்கரிக்காரர் ஃபெடர்சன்
மா பொங்கும் நேரத்தைக் கணக்குப் பார்த்து
சதம் வரைக்கும் எழுதியிருந்தார்.
214ஆம் தாளில் கட்டம் வெறுமை.
ஓரத்தில் பென்சில்:
வீட்டில் மூச்சுக் கருவி ஓடுகிறது.
கேள்வி விளங்கவில்லை.

அந்த வெறுமையை யாரோ
பூச்சியம் என்று பதிந்திருக்கிறார்கள்.
இப்படி அறுபத்தொன்று.

எனக்கு விளங்கியது.
ஐந்து வருடம் கறண்ட் இல்லாத யாழ்ப்பாணத்தில்
சைக்கிளைக் கவிழ்த்துவைத்து
ஒருவர் பெடலைச் சுற்ற ஏழு பேர் ரேடியோ கேட்டோம்.
சுற்றும் கைக்கு மட்டும் செய்தி பாதிதான் கேட்கும்.
கூட்டிக் கழித்தால் அதுவும் சிக்கன ஏற்பாடுதான்.
எவ்வளவு கொடுப்பாய் என்று
அப்போது யாராவது கேட்டிருந்தால்
நானும் கட்டத்தை வெறுமையாகத்தான் விட்டிருப்பேன்.

அறுபத்தொரு பூச்சியத்தையும் அழித்தேன்.
மீதி இருநூற்று முப்பத்தொன்பது பேரின் சராசரி:
ஐயாயிரத்து நூற்று நாற்பத்தாறு.
திரும்ப ஓடவிட்டு
ஜன்னலைத் திறந்தேன். வற்றுக்கடல் சேறு மணத்தது.
விடியப் பார்த்தால் கம்பியின் நுனியில்
ஒரு கிடங்கு முளைத்திருக்கிறது.
7794இல் இருட்டுக்கு வேலை இல்லை,
வரிசையில் நின்றபடியே இருக்கிறார்.
அந்த மணியின் விலையை எரிவாயு சொல்லிவிட்டது:
இருநூற்றுப் பன்னிரண்டு.

"முடிவு ஏன் மாறியது?" என்றான் இங்வர்.
"தரவில் பிழை" என்றேன். பொய் இல்லை.

ஆனால் 214ஆம் ஆளை நான் எங்கே வைத்தேன்?
பூச்சியத்திலிருந்து தூக்கினேன்,
வேறெந்த எண்ணிலும் இறக்கவில்லை.
அந்த வீட்டுக்கு வெளிச்சம் கிடைத்தது
பேக்கரிக்காரரின் மா பொங்கும் கணக்கில்.

இங்வர் தாளைத் திருப்பிப் பார்க்கிறான்.
பென்சில் எழுத்து மிகச் சிறியது.
கண்ணாடியைத் தேடுகிறான்.